கொடைக்கானல் வீட்டுச் செங்கல் கணப்பு: கழுவுவதா, சுண்ணாம்பா, பெயின்ட்டா, டைல்ஸா?

கொடைக்கானலில் வீடு வைத்திருக்கும் மதுரைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வீடு தாத்தா காலத்தில் வாங்கியதாக இருக்கும், இல்லையென்றால் பங்கு பிரித்தபோது வந்ததாக இருக்கும். ஹாலில் ஒரு செங்கல் கணப்பு, அதாவது ஃபயர்பிளேஸ், கரி ஏறிக் கறுத்துப்போய், ஹாலையே இருட்டாக்கிக்கொண்டு நிற்கும். கையில் இருப்பது கொஞ்சப் பணம். "பெயின்ட் அடிச்சு விட்டுரலாம்" என்பார் மச்சினர். "டைல்ஸ் ஒட்டினாத்தான் பார்க்க லட்சணமா இருக்கும்" என்பார் வீட்டம்மா. "இடிச்சுட்டு டிவி மாட்டிரலாமே" என்பான் மகன். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்பதில்தான் விஷயம்.

மதுரையில் ஊழியம் செய்துகொண்டிருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி மலையேறி, 1845-ல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு பங்களாக்கள் கட்டியதில் தொடங்கியது கொடைக்கானல் குடியிருப்பு. 1985-ல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை அது மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகும். அதனால் அங்கே கணப்பு வெறும் அலங்காரம் இல்லை, வேலை செய்கிற பொருள். அதன் முகத்தை மாற்றும்போது அதன் வேலை கெடக் கூடாது. கீழே உள்ள எல்லா யோசனையும் இதிலிருந்து வருவதுதான்.

எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, அதில் இனி தீ மூட்டப் போகிறீர்களா? மாதம் ஒரு முறையாவது மூட்டுவீர்கள் என்றால் ஒரு கணக்கு. எப்போதுமே மூட்டப் போவதில்லை என்றால் வேறு கணக்கு. "எப்பவாவது மூட்டலாம்" என்பவர்கள், மூட்டுபவர்கள் கணக்கிலேயே சேரட்டும். தீ ஒரு நாள் எரிந்தாலும் சூடு சூடுதான்.

இரண்டாவது, ஈரம். கொடைக்கானலில் தென்மேற்குப் பருவமும் பெய்யும், வடகிழக்குப் பருவமும் பெய்யும். இடைப்பட்ட நாளில் மூடுபனி. மழைத் தண்ணீர் புகைக்கூண்டு வழியாகச் செங்கலுக்குள் இறங்கும். அந்த ஈரம் வெளியே வர வழி வேண்டும். மதுரையில் பத்து வருஷம் நிற்கும் பெயின்ட் அங்கே இரண்டே மழைக்காலத்தில் கொப்பளிப்பதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது, மனசு மாறினால் பழையபடி ஆக்க முடியுமா? எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. கொஞ்சப் பணத்தில் செய்யும் வேலை என்றால், பின்னால் பணம் வரும்போது வேறு விதமாகச் செய்ய வாய்ப்பை மிச்சம் வைத்திருக்க வேண்டும்.

நான்காவது, செங்கல் உண்மையில் என்ன நிலையில் இருக்கிறது? பழைய பங்களா என்றால் கையால் அறுத்த நாட்டுச் செங்கல், சுண்ணாம்புக் காரையில் கட்டியது. எழுபது, எண்பதுகளில் கட்டிய வீடு என்றால் பெரும்பாலும் சிமெண்ட் கலவை. செங்கல் மேல் சிவப்பு அடித்து, இடையில் வெள்ளைக் கோடு இழுத்திருப்பார்கள். ஈரத் துணியால் ஒரு இடத்தை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் சிவப்பு ஏறினால் நீங்கள் இத்தனை நாள் பார்த்தது செங்கல் இல்லை, அதன் மேல் பூசிய சாயம். அடுத்து, இணைப்புக் கலவையை ஒரு ஆணியால் கீறுங்கள். மாவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. ஆணி வழுக்கிக்கொண்டு போய்ச் சாம்பல் நிறக் கீறல் மட்டும் விழுந்தால் சிமெண்ட். இந்த இரண்டு சோதனைக்கும் காசு செலவில்லை. பாதி முடிவு இதிலேயே தெரிந்துவிடும்.

கடைசியாகப் பணம். சதுர அடி விலையை மட்டும் கேட்டு ஏமாந்துபோகிறவர்கள் அதிகம். மதுரையில் சரக்கு வாங்கினால் வத்தலக்குண்டு வழியாக மலையேற்ற வண்டி வாடகை. மதுரைக் கொத்தனார் என்றால் அவருக்கும் சித்தாளுக்கும் தங்க இடம், சாப்பாடு, குளிருக்குப் போர்வை. மழை வந்தால் வேலை நிற்கும் நாளுக்கும் செலவு. சின்ன வேலையில் பொருளைவிட இதெல்லாம்தான் கூடுதலாக இழுக்கும். அதனால் பொருள் விலையையும் "கொத்தனார் நாளையும்" தனித்தனியாகக் கணக்குப் பாருங்கள்.

அளவும் எடுத்துக்கொள்ளுங்கள். 5 அடி அகலம், கூரை வரை 9 அடி உயரம் என்றால் 45 சதுர அடி. தீ எரியும் வாய் இரண்டரைக்கு இரண்டரை அடி, அதாவது ஆறேகால் சதுர அடியைக் கழித்தால் 39. பக்கவாட்டில் இரண்டு புறமும் ஒரு அடி நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் 18. ஆக 57 சதுர அடி. கீழே உள்ள மதிப்பெல்லாம் இந்த அளவுக்கு.

முகத்துக்கு முன்னால் புகைக்கூண்டு

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இதை முதலில் செய்யாமல் முகத்தில் கை வைக்காதீர்கள். வருஷக்கணக்கில் மூட்டாத கூண்டில் பறவைக் கூடு இருக்கும், இலை அடைந்திருக்கும். யூக்கலிப்டஸ், பைன் விறகைக் காயாமல் எரித்திருந்தால் உள்சுவரில் தார் மாதிரிப் பிசின் படிந்திருக்கும். அது தீப்பிடிக்கிற பொருள். ஆளை விட்டுச் சுரண்டி எடுக்க வேண்டும்.

சுத்தம் செய்தபின், ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே கொளுத்துங்கள். புகை மேலே இழுபட்டால் நல்லது. ஹாலுக்குள் திரும்பி வந்தால் கூண்டு அடைத்திருக்கிறது, இல்லையென்றால் வாய்க்குத் தகுந்த கூண்டு இல்லை. கூண்டின் உள்ளளவு, வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 30-க்கு 30 அங்குல வாய் என்றால் 900 சதுர அங்குலம். கூண்டு உள்ளே 90 சதுர அங்குலம், அதாவது 9-க்கு 10 அங்குலம் வேண்டும். "வாயைக் கொஞ்சம் பெருசாக்கினா அழகா இருக்கும்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். வாயைப் பெரிதாக்கிவிட்டு, பிறகு ஹால் முழுக்கப் புகை என்று தவிப்பதில் அர்த்தமில்லை.

கூண்டின் தலையில் மழை விழாமல் ஒரு மூடி, அது கூரையோடு சேரும் இடத்தில் தகடு. இந்த இரண்டும் சரியில்லாவிட்டால் கீழே என்ன பூசினாலும் வீண். செங்கலில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். உப்பைத் துடைப்பதற்கு முன் தண்ணீரை நிறுத்துங்கள். இருக்கும் பணத்தில் பாதி இதற்கே போனாலும் போகட்டும்.

தீ மூட்டும் அறையில் ஜன்னலை ஒரு விரற்கடையாவது திறந்து வைக்க வேண்டும். கூண்டு அடைத்திருக்கும்போது கரியோ விறகோ எரித்தால் வாசனையில்லாத நச்சு வாயு அறையில் தங்கும். தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

ஒரு பார்வையில்

| வழி | பொருள் செலவு | கொத்தனார் நாள் | ஈரம் வெளியேறுமா | பழையபடி ஆக்க முடியுமா |
|---|---|---|---|---|
| கழுவி, பாயிண்டிங் (உதிர்ந்த இணைப்புகளில் புதுக் கலவை வைப்பது) | மிகக் குறைவு | 3 – 4 | நன்றாக | ஆக்க வேண்டிய அவசியமே இல்லை |
| சுண்ணாம்பு அடிப்பது | மிகக் குறைவு | 2 – 3 | நன்றாக | பெருமளவு முடியும் |
| எமல்ஷன் பெயின்ட் | குறைவு | 2 | தடைபடும் | அநேகமாக முடியாது |
| பூச்சு | நடுத்தரம் | 3, பிறகு காயும் நாள் | சுண்ணாம்பு என்றால் ஆம், சிமெண்ட் என்றால் குறைவு | முடியாது |
| டைல்ஸ், கல் | கூடுதல் | 4 – 5 | குறைவு | முடியாது |
| இடிப்பது | நடுத்தரம். அதன்பின் வரும் செலவு கூடுதல் | முன்கூட்டிச் சொல்ல முடியாது | — | முடியாது |

கழுவி, பாயிண்டிங் மட்டும்

பலர் இதை ஒரு வழியாகவே நினைப்பதில்லை. ஆனால் நாட்டுச் செங்கலாக இருந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான். கரிக்கடியில் இருக்கும் செங்கலை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை. ஒரு மூலையில் இரண்டு செங்கலை மட்டும் கழுவிப் பார்த்துவிட்டு அப்புறம் மற்றதை முடிவு செய்யலாம்.

முதலில் காய்ந்த பிரஷ்ஷால் கரியைத் தட்ட வேண்டும். தண்ணீரை முதலிலேயே ஊற்றினால் கரி குழம்பாகிச் செங்கலுக்குள் இறங்கிவிடும். பிறகு வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, நார் பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஆசிட் ஊற்ற விடாதீர்கள். பாத்ரூம் டைல்ஸ் கழுவிய பழக்கத்தில் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். ஆசிட் சுண்ணாம்புக் காரையைக் கரைத்துவிடும். அன்றைக்குப் பளிச்சென்று தெரிந்தாலும் இணைப்பெல்லாம் உள்ளே பலவீனமாகிவிடும்.

அடுத்தது பாயிண்டிங். உதிர்ந்த இணைப்புகளை முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, புதுக் கலவையை வைத்து அமுக்குவது. இங்கேதான் கொத்தனாரோடு ஒரு பேச்சு வரும். "சிமெண்ட வச்சு அடைச்சிட்டா கல்லு மாதிரி நிக்கும் சார்" என்பார். அவர் சொல்வது நிஜம், ஆனால் அதுவேதான் தொந்தரவு. தீ எரியும்போது செங்கல் விரியும், அணைந்ததும் சுருங்கும். சுண்ணாம்பு அதற்கு இடம் கொடுக்கும். சிமெண்ட் செங்கலைவிடக் கெட்டி, இடம் கொடுக்காது. அப்போது உடைவது இணைப்பு இல்லை, செங்கலின் ஓரம். ஈரமும் சிமெண்ட் வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாகவே வந்து அதைப் பொரிய வைக்கும். "அண்ணே, பழைய இடத்துல சுண்ணாம்பே போடுங்க, நாள் கூடுனாலும் பரவாயில்ல" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே சிமெண்ட்டில் கட்டிய கணப்பு என்றால் சிமெண்ட் பாயிண்டிங்கே போதும்.

இதன் மறைமுகச் செலவு ஆள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. கோயில் வேலையும் செட்டிநாட்டு வீடுகளும் பார்த்தவர்களைக் காரைக்குடிப் பக்கம் விசாரித்துப் பிடிக்கலாம். கூலி சற்றுக் கூடும். பொருளுக்குச் செலவில்லை என்பதால் அது கட்டுப்படியாகும்.

ஹாலில் வெளிச்சம் ஓரளவு வருகிறது, செங்கல் நல்ல செங்கல், தீ மூட்டுவீர்கள் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். சிவப்புச் சாயம் அடித்த கணப்புக்கு இது உதவாது; எவ்வளவு தேய்த்தாலும் திட்டுத் திட்டாகத்தான் வரும்.

சுண்ணாம்பு அடிப்பது

ஹால் இருட்டு என்பதுதான் உங்கள் குறை என்றால், குறைந்த செலவில் அதைத் தீர்ப்பது இதுதான். வருஷா வருஷம் பொங்கலுக்கு வீட்டுக்கு அடித்த அதே சுண்ணாம்புதான்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் நல்லது. நீற்றி, குறைந்தது ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ள வேண்டும். செங்கலை முதலில் நனைக்க வேண்டும். காய்ந்த செங்கல் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் சுண்ணாம்பு மேலே மாவாக நின்று உதிரும். மட்டையால் அடிக்கும்போது ஒன்றுமே ஒட்டாதது போலத்தான் தெரியும். செங்கல் சிவப்பு அப்படியே ஈரத்தில் மின்னிக்கொண்டிருக்கும். பார்க்கிறவர் "இன்னும் கெட்டியா கலக்குங்க" என்பார். கலக்கக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்து ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கும், மறுநாள் காலை பளிச்சென்று இருக்கும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். மெல்லிசாக மூன்று கை, கைக்கு ஒரு நாள் இடைவெளி. ஒரே நாளில் கெட்டியாக அடித்தால் தகடு தகடாகப் பெயரும்.

மூன்று கையும் அடிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒரு கை அடித்து, காய்வதற்குள் ஈரத் துணியால் அங்கங்கே துடைத்தெடுத்தால் செங்கலின் சிவப்பும் வெள்ளையும் கலந்து தெரியும். வெள்ளை வேண்டாம் என்றால் கொஞ்சம் மஞ்சள் காவி சேர்க்கலாம்.

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கண்ணுக்கு ஆபத்து. கண்ணாடி, கையுறை கட்டாயம். நீற்றும்போது குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

இதற்கும் பின்செலவு உண்டு. உரசினால் சட்டையில் லேசாக ஒட்டும். வாயைச் சுற்றி ஒரு அடிக்குப் புகைக் கறை மஞ்சளாக ஏறும். வருஷத்துக்கு ஒரு கை அடிக்க வேண்டும். அந்த ஒரு கைக்குக் கொத்தனார் வேண்டாம், நீங்களே அடிக்கலாம். ஏற்கெனவே பெயின்ட் அல்லது சிவப்புச் சாயம் உள்ள செங்கலில் சுண்ணாம்பு பிடிக்காது. அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் அடிக்க வேண்டும்.

தீ மூட்டுகிற வீடு, ஈரமான சுவர், பணம் குறைவு. இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

எமல்ஷன் பெயின்ட்

வேகமானது. இரண்டு நாளில் முடியும், எந்த நிறமும் கிடைக்கும், துடைக்கலாம். வாடகைக்கு விடும் வீட்டுக்குப் பலர் இதையே விரும்புவது புரிகிறது.

ஆனால் இதில் மூன்று செலவு ஒளிந்திருக்கிறது. ஒன்று, தயாரிப்பு. கரியை முழுக்க எடுக்காமல் அடித்தால் கறை மேலே பூத்து வரும். கறையை அடக்கும் ப்ரைமர் தனியாக வாங்க வேண்டும். செங்கல் சொரசொரப்பாக இருப்பதால் சுவருக்குச் சொன்ன கணக்கைவிட பெயின்ட் நிறையக் குடிக்கும். இரண்டு, கொப்பளிப்பு. மேலே படலம் மூடிவிட்டால் கூண்டிலிருந்து இறங்கும் ஈரம் அதைத் தள்ளிக்கொண்டு வரும். கூண்டுத் தலையைச் சரிசெய்த வீட்டில் இது குறையும், சரிசெய்யாத வீட்டில் நிச்சயம். மூன்று, திரும்ப முடியாமை. பெயின்ட்டை எடுக்க மருந்து போட வேண்டும், இல்லையென்றால் மணலடிக்க, அதாவது மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுரண்ட வேண்டும். மணலடித்தால் சூளையில் வெந்த மேல்தோல் போய்விடும். அதன்பின் செங்கல் தண்ணீரை இன்னும் அதிகமாகக் குடிக்கும்.

உள்புறத்தில், அதாவது தீ எரியும் குழியில், எமல்ஷன் ஒருபோதும் கூடாது. அங்கே கறுப்பாக்க வேண்டுமென்றால் 600 டிகிரி வரை தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்கும் ஹீட் ரெசிஸ்டன்ட் பெயின்ட் மட்டுமே.

இனி தீ மூட்டப் போவதில்லை, செங்கலும் சாதாரணச் செங்கல், மேலே ஏற்கெனவே சிவப்புச் சாயம் இருக்கிறது. இந்த வீட்டுக்கு பெயின்ட் சரி. கெடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. நல்ல நாட்டுச் செங்கல் மேல் மட்டும் தயவுசெய்து அடிக்காதீர்கள்.

பூச்சு

செங்கலே தெரியாமல் வழவழவென்று வேண்டும் என்பவர்களுக்கு. சிமெண்ட் பூச்சு எல்லாக் கொத்தனாருக்கும் கைவந்த வேலை. ஆனால் வாய் ஓரத்தில் சூடு ஏறி இறங்க ஏறி இறங்க விரிசல் விடும். 400 டிகிரிக்கு மேல் சிமெண்ட்டின் பிடிப்பே தளர்ந்துபோகும். குழிக்குள் சிமெண்ட் பூசவே கூடாது. உள்ளே செங்கல் வெடித்திருந்தால் ஃபயர் பிரிக், அதாவது சூடு தாங்கும் செங்கல் வைத்து, அதற்குரிய தீக்கலவையில்தான் கட்ட வேண்டும்.

சுண்ணாம்புப் பூச்சு அருமையானது. 1636-ல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையும்தான், இன்றைக்கும் நிற்கின்றன. அந்தப் பளபளப்புக்கு எத்தனை அடுக்கு, எத்தனை நாள் தேய்ப்பு என்று பார்த்தால் நம் பட்ஜெட்டில் அடங்காது. சாதாரண இரண்டு அடுக்குச் சுண்ணாம்புப் பூச்சு அடங்கும். ஆனால் மலைக் குளிரில் காய வாரக்கணக்காகும், அதுவரை தீ மூட்டக் கூடாது. செங்கல் பாதிக்கு மேல் உடைந்து, ஒட்டுப்போட்டு, எப்படியும் காட்ட முடியாத நிலையில் இருந்தால் இது நல்ல வழி. மற்றபடி சுண்ணாம்பு அடிப்பதிலேயே பெரும்பாலான பலன் கிடைத்துவிடும்.

டைல்ஸ், கல்

பார்த்தவுடன் "மாத்திட்டீங்களே" என்று சொல்ல வைப்பது இதுதான். அதிகம் செலவாவதும் இதுதான்.

ஆத்தங்குடி டைல்ஸைப் பலர் கேட்கிறார்கள். கண்ணாடித் தட்டில் வண்ணமும் சிமெண்ட்டும் மணலும் வார்த்து, தண்ணீரில் பதப்படுத்துவது; சூளையில் சுடுவதில்லை. தீப்பிடிக்காது, முகப்புக்கு ஒட்டலாம். ஆனால் மேலே கண்ணாடிப் பூச்சு கிடையாது என்பதால் புகைக் கறை உள்ளே இறங்கும். வாயை ஒட்டி வெளிர் நிறம் வைக்காமல் கறுப்பு, கருஞ்சிவப்பு வைத்து, வெளிர் நிறத்தை மேலே தள்ளினால் பல வருஷம் நன்றாக இருக்கும். தீக்குழிக்குள்ளே வேண்டாம். கனம் கூடிய டைல். மலை வளைவில் உடைகிறதும் உண்டு, பத்தில் ஒன்று கூடுதலாக வாங்க வேண்டும்.

கிரானைட் நமக்குப் பக்கத்திலேயே, மேலூரில் கிடைக்கிறது. முழுப் பலகையாக வாங்காமல் மிச்சத் துண்டுகளைக் கேட்டால் விலை நன்றாகக் குறையும். வாயைச் சுற்றி ஆறு அங்குலப் பட்டைக்குத் துண்டுகளே போதும். கனத்தைக் கணக்குப் பாருங்கள். 20 மில்லிமீட்டர் கல் சதுர அடிக்கு 5 கிலோவுக்கு மேல். 57 சதுர அடிக்கும் ஒட்டினால் கிட்டத்தட்ட 300 கிலோ, கலவை தனி. அத்தனையையும் மலையேற்றி, வீட்டுப் படியேற்றி, சுவரில் நிறுத்த வேண்டும்.

பெயின்ட் அடித்த செங்கல் மேல் எதையும் நேரடியாக ஒட்டக் கூடாது. கலவை பிடிப்பது பெயின்ட்டைத்தான், செங்கலை இல்லை. இரண்டு சீசன் தீக்குப் பிறகு மொத்தமாகப் பெயர்ந்து வரும். கொத்திவிட்டு ஒட்ட வேண்டும், அந்தக் கூலி யாரும் முதலில் சொல்வதில்லை. பசையாக வரும் ஒட்டுமருந்து சூட்டில் இளகும், சிமெண்ட் அடிப்படையிலான பொடி வகையே வாங்குங்கள்.

பணம் கொஞ்சம்தான், ஆனால் டைல்ஸ் ஆசை விடவில்லை என்றால் ஒரு நடுவழி இருக்கிறது. முகப்பு முழுக்கச் சுண்ணாம்பு, வாயைச் சுற்றி ஒரு வரிசை ஆத்தங்குடி. மொத்தம் 7, 8 சதுர அடிதான் வரும். கையில் தூக்கிக் காரிலேயே கொண்டுபோய்விடலாம். புகைக் கறை விழும் இடத்தில் கருத்த டைல், மற்ற இடத்தில் வெளிச்சம். பார்வைக்கும் பராமரிப்புக்கும் இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

இடிப்பது, மூடுவது

இடிப்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை: வேண்டாம். புகைக்கூண்டு கூரை வரை போகிறது, சில வீடுகளில் உத்திரமே அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும். கீழே எடுத்தால் மேலேயும் எடுக்க வேண்டும், கூரையை ஒட்டுப்போட வேண்டும், தரையில் வேறு நிறத்தில் ஒரு சதுரம் கிடக்கும். மலைப்பகுதியில் கட்டட மாற்றத்துக்கு அனுமதி விதிகளும் கடுமை. நகராட்சியில் கேட்காமல் கடப்பாரையை எடுக்கக் கூடாது.

தீயே வேண்டாம் என்றால் கூண்டுத் தலையை மூடி, பக்கத்தில் சின்னக் காற்றுத் துளை மட்டும் விட்டு, குழியைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, உள்ளே ஒரு குத்துவிளக்கோ மானாமதுரைப் பானையோ வைத்துவிடலாம். முழுக்க அடைத்துவிட்டால் உள்ளே ஈரம் தங்கி நாற்றம் வரும். அந்தத் துளையை மறந்துவிட வேண்டாம்.

மேல் பலகை, நாள் பார்ப்பது

எந்த வழியானாலும் கணப்புக்கு மேலே இருக்கும் தட்டை மாற்றினாலே பாதிப் பழமை போய்விடும். பழைய வீடு இடித்த இடத்தில் கிடைக்கும் தேக்குச் சட்டம் ஒன்று போதும். தூரம் முக்கியம். அமெரிக்கக் கட்டட விதியில், தீ வாயைச் சுற்றி 6 அங்குலத்துக்குள் மரமே இருக்கக் கூடாது. 12 அங்குலம் வரை, தள்ளியிருக்கும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் எட்டில் ஒரு அங்குலம்தான் முன்னால் நீட்டலாம். 8 அங்குலம் மேலே வைத்தால் 1 அங்குலம்தான் நீட்ட முடியும், அதில் ஒரு டம்ளர்கூட நிற்காது. தட்டு மாதிரி பயன்பட வேண்டுமென்றால் 12 அங்குலத்துக்கு மேலே வையுங்கள். அவ்வளவு உயரம் இல்லையென்றால் மரத்தை விட்டுவிட்டு கடப்பா கல் போடுங்கள்.

வேலைக்கு நல்ல நாள் பிப்ரவரி, மார்ச். மழை குறைவு, சுண்ணாம்பும் பூச்சும் நன்றாகக் காயும். ஏப்ரல் பிறந்து சீசன் தொடங்கிவிட்டால் ஆளும் கிடைக்காது, வண்டியும் நகராது. 2024 மே முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது. சரக்கு வண்டி பேசும்போதே அதையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேலை முடிந்த முதல் நாளே பெரிய தீ மூட்ட வேண்டாம். சுண்ணாம்பு அடித்தது என்றால் ஒரு வாரம், சிமெண்ட்டில் ஒட்டிய டைல் என்றால் நான்கு வாரம் விட்டு, முதலில் நாலு சுள்ளி, மறுநாள் கொஞ்சம் கூட, அதற்கும் மறுநாள் ஒரு முழு விறகு என்று ஏற்றுங்கள்.